போன் திரையில் பிடிபடாத கிட்டப்பார்வை

ஒரு பிள்ளைக்குக் கிட்டப்பார்வை இருப்பதை முன்பெல்லாம் முதலில் கண்டுபிடித்தது எங்களைப் போன்ற கண் வைத்தியர்கள் அல்ல, வகுப்பு ரீச்சர்தான். பின்வாங்கில் இருக்கும் பிள்ளை கண்ணைச் சுருக்கும், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும். ரீச்சர் அதைக் கவனித்து முன்வாங்குக்கு மாற்றிவிட்டு, "அம்மாட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டுங்கோ" என்பார். தொண்ணூறுகளில் கொழும்பில் என்னோடு படித்தவர்களில் பலருக்குக் கண்ணாடி வந்தது இப்படித்தான்.

எங்களுக்கு இருந்தது கரும்பலகையும் ரோனியோத் தாளும். பிறகு வெண்பலகை, புரொஜெக்டர், சில பாடசாலைகளில் ஸ்மார்ட் போர்ட் என்று மாறினாலும் பாடம் சுவரில்தான் இருந்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அது கைக்குள் வந்துவிட்டது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போதும் கொழும்புப் பிள்ளைகள் போனில்தான் படித்தார்கள். இன்று பாடசாலை வழமைபோல நடக்கிறது, ஆனால் ரியூசன் நோட்ஸும் மீட்டல் வகுப்பும் இன்னமும் வட்ஸ்அப்பிலும் ஸூமிலும் வருகின்றன.

கிட்டப்பார்வை உள்ள கண்ணுக்கு அருகில் இருப்பது நன்றாகவே தெரியும். மைனஸ் 3 பவர் உள்ள பிள்ளைகூடக் கண்ணாடி இல்லாமல் சுமார் 33 சென்ரிமீற்றர் வரை தெளிவாக வாசிக்கும். போனைப் பிடிப்பது பெரும்பாலும் அதைவிடக் கிட்ட. அதனால் பிள்ளை முறையிடாது, வீட்டிலும் யாருக்கும் தெரியவராது. "போன் நல்லாத் தெரியுது எண்டு சொல்றாளே டொக்டர்" என்று தாய்மார் திகைத்துப் போகிறார்கள்.

இதற்கிடையில் கண்கோளம் நீண்டுகொண்டே போகும்; பெரும்பாலும் கிட்டப்பார்வைக்குக் காரணமே இந்த நீட்சிதான், நீள நீளப் பவரும் ஏறும். நீண்டது திரும்பச் சுருங்காது. பவர் மிக அதிகமானால் பிற்காலத்தில் விழித்திரை விலகும் ஆபத்தும் கூடும்.

இந்த நீட்சியைத் தள்ளிப்போட உதவுவது வெளி வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்போம். வகுப்பறைக்குள் சில நூறு லக்ஸ்தான்; பகலில் வெளியே மர நிழலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். தாய்வான் 2010இல் பாடசாலைப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே விடும் திட்டத்தைத் தொடங்கியது, பிறகு அங்கே பார்வைக்குறைவு குறையத் தொடங்கியது. கொழும்பை நினைத்தால்தான் எனக்குக் கவலை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் வளரும் பிள்ளை பாடசாலை விட்டதும் ஸ்கூல் வான் வண்டியில் ஏறி ரியூசனுக்குப் போகிறது. வெளியே வரும்போது இருட்டிவிடும். தரம் 5 புலமைப்பரிசில் ஆண்டில் இது இன்னும் மோசம். ஒரு ரியூசனைக் குறைத்துவிட்டுப் பிள்ளையை விளையாட விடுங்கள் என்று பெற்றோரிடம் நேரடியாகவே சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. வந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பது சரியல்ல. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி கிட்டப்பார்வையைத் தடுக்காது, அதற்கு மேலதிகக் காசு கொடுக்க வேண்டாம்.

காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பிள்ளையை ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, வருவது 100ஆ 101ஆ என்று கேளுங்கள். பிறகு மற்றக் கண்ணுக்கும் அப்படியே. உங்களுக்குத் தெரியும் இலக்கம் பிள்ளைக்குத் தெரியாவிட்டாலோ, இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருந்தாலோ கூட்டி வாருங்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ கிட்டப்பார்வை இருந்தால், எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை காட்டுவது நல்லது. சிறு பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுத்தான் பவர் பார்ப்போம்; அதன் பிறகு சில மணித்தியாலங்களுக்கு, சிலருக்கு அடுத்த நாள் வரைக்கும்கூட, அருகில் உள்ளது மங்கலாகத் தெரியும். ஆகவே பரீட்சைக்கு முதல் நாளாகப் பார்த்துக் கூட்டி வராதீர்கள்.