தீமிதித் தாத்தாவின் கால்

“இந்த ஈஸ்டருக்கு நான் விரதம் இல்லாமலே தீ மிதிக்கலாம் அம்மா. காலை அம்மன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டாள்.”

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்க்கும் அறைக்கு வெளியே ஒரு தாத்தா இப்படிச் சொன்னதும் பெஞ்சு முழுவதும் சிரித்தது. ஈஸ்டர் நாட்களில் கேட்டோ மேனர் கோயிலில் நடக்கும் தீமிதியை அறியாதவர் அங்கு யார்? நானும் சிரித்துக்கொண்டேதான் அவருடைய காலுறையைக் கழற்றினேன்.

கண்ணை மூடச் சொல்லி, பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பெருவிரலின் அடியைத் தொட்டேன். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். மூன்று இடம் தொட்டு முடித்த பிறகு, “எப்போது ஆரம்பிப்பாய்?” என்று கேட்டார். குதிகாலில் காசளவுக்கு ஒரு கொப்புளம். அதுவும் அவருக்குத் தெரியவில்லை. நாள்பட்ட சர்க்கரையால் பாதத்து நரம்புகள் உணர்விழந்திருந்தன. வீட்டிலும் மாதக்கணக்காக இதே பகடிதானாம், எல்லோரும் ரசித்திருக்கிறார்கள்.

‘வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்’ என்பார் என் ஆயா. செவிலியாக நான் அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். வயிறு குலுங்கச் சிரித்தால் இறுகிய தசைகள் தளர்கின்றன. வலி சற்று மட்டுப்படுவதும் உண்டு. அமெரிக்கப் பத்திரிகையாளர் நார்மன் கசின்ஸ், பத்து நிமிடச் சிரிப்பு தமக்கு இரண்டு மணி நேரம் வலியில்லாத உறக்கம் தந்ததாக 1976இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். ஆனால் அது ஒரே ஒருவரின் அனுபவம். வைட்டமின் சியையும் அவர் ஏராளமாக ஏற்றிக்கொண்டிருந்தார். சிரிப்பை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

நான் கண்கூடாகப் பார்க்கும் பலன் வேறு. காலைக் காட்டினால் வெட்டிவிடுவார்கள் என்று பயந்து, காலுறையைக் கழற்றவே கூசுகிறவர்கள் உண்டு. பெஞ்சில் ஒருமுறை சிரித்துவிட்டால் கூச்சம் போய்விடுகிறது, காலுறையும் கழன்றுவிடுகிறது.

ஆனால் பகடியை நோயாளிதான் தொடங்க வேண்டும். விரல் ஒன்றை இழந்த ஓர் அக்காவிடம், “இனி நகம் வெட்டும் வேலை கொஞ்சம் மிச்சம்” என்று நான் ஒருநாள் வாய் தவறிச் சொன்னேன். அடுத்த இரண்டு தவணைக்கு அவர் வரவில்லை. என் பிழைதான். இப்போதெல்லாம் அவர்கள் சொல்வதற்குச் சிரிக்கிறேன், சிரித்து முடித்ததும், “இது எத்தனை நாளாக?” என்று கேட்கிறேன். வீட்டில் இருப்பவர்களும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். மரத்துப்போனது, மூச்சு வாங்குவது, இரவில் பத்து முறை எழுவது, எல்லாம் முதலில் வேடிக்கைப் பேச்சாகத்தான் வெளியே வரும்.

தாத்தாவின் கொப்புளம் ஆறுவதற்கு ஏழு வாரமாயிற்று. காலணி போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். போன தவணையில் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கல்லை எடுத்து என் மேசையில் வைத்தார்.

“வாடகை கொடுக்காமல் குடியிருந்தான். காலி செய்துவிட்டேன்.”

சிரித்துவிட்டு, “எந்தக் கால், தாத்தா?” என்று கேட்டேன்.