சொன்னால் நிற்கும் குதிரை

"எத்தனை மாசத்துல நடப்பான், டீச்சர்?" முதல் நாள் வரும் பெற்றோர் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பஸ் மாறி, பிள்ளையை இடுப்பில் சுமந்து வருகிறவர்களிடம் சுற்றிவளைத்துப் பேச எனக்கு மனம் வராது. நடப்பான் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, குதிரையேற்றம் கற்றுத்தர முடியும் என்று சொல்லிவிடுவேன். அதைக் கேட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு.

இதில் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஹிப்போதெரபி என்பது பிசியோதெரபிஸ்ட், அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்கள் தங்கள் சிகிச்சைக்குக் குதிரையின் நடையைப் பயன்படுத்துவது. நான் செய்வது அது இல்லை. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு, அவரவர் உடம்புக்கும் மனசுக்கும் ஏற்றபடி குதிரையேற்றத்தைப் பாடமாகச் சொல்லித்தருகிறேன்.

உடம்புக்கு நன்மை இரண்டிலும் உண்டு. நடக்கும் குதிரையின் முதுகு முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டில் சாயும், லேசாகச் சுழலும். மேலே இருப்பவரின் இடுப்பும் கூடவே அசையும். நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் ஏறத்தாழ இப்படித்தான். தானாக ஓரடி வைத்தறியாத பிள்ளையின் இடுப்பு, நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை அந்த அசைவை உணர்கிறது. சரியாமல் இருக்க வயிறும் முதுகும் ஒவ்வொரு அடிக்கும் வேலை செய்தாக வேண்டும். பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி) உள்ள குழந்தைகளுக்கு உட்காரும் நிலையும் சமநிலையும் மேம்படுவதாக ஆய்வுகள் இருக்கின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் எரிச்சலும் துறுதுறுப்பும் குறைந்ததாகவும் ஆய்வு உண்டு. ஆனால் குதிரை ஏறினால் இவை குணமாகிவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

சரி, குணப்படுத்தாத ஒரு வேலையை ஏன் இவ்வளவு விரும்பிச் செய்கிறேன்? இந்தப் பிள்ளைகளின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். யாரோ தூக்குகிறார்கள், யாரோ திருப்பிப் படுக்க வைக்கிறார்கள், ஊட்டுகிறார்கள். காலை நீட்டு, கையை மடக்கு என்கிறார்கள். எல்லாம் அன்பில் செய்வதுதான். ஆனாலும் அந்தப் பிள்ளை சொல்லி நடக்கிற காரியம் என்று எதுவும் இருக்காது. என் வகுப்பில் பிள்ளை சொல்லாமல் குதிரை நகராது. பேச வராதவர்கள் குதிரையின் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், அது 'போ'. லகானைக் கொஞ்சம் இழுத்தால் 'நில்'. கயிறு பிடித்து முன்னால் நடப்பவர் பிள்ளைக்காகக் காத்திருக்க வேண்டும். பிள்ளை சொல்லும் முன்பே அவர் குதிரையை நிறுத்திவிட்டால் அன்றைய பாடமே போச்சு.

இந்தக் காத்திருப்பு கஷ்டமானது. வேலிக்கு வெளியிலிருந்து அம்மா "சொல்லுடா, சொல்லுடா" என்று தவிப்பார். பக்கத்தில் நடக்கும் உதவியாளருக்குக் கை துறுதுறுக்கும். எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்வேன். ஒரு சொல் மூளையிலிருந்து நாக்குக்கு வர சில பிள்ளைகளுக்கு அவ்வளவு நேரம் ஆகும். அந்த நேரத்தை அவர்களுக்கு வேறு யாரும் கொடுப்பதில்லை.

வாடிப்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன். பேச்சு குழறும், தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். ஒரு காலையில் "நி" என்றான். அவ்வளவுதான் வந்தது. எங்கள் குதிரை நின்றது. அவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான், பிறகு திரும்பத் திரும்ப நிறுத்தினான், திரும்பத் திரும்பப் போகச் சொன்னான். "தாயி, வீட்டுல இவன் சொல்லி ஒரு பூனை கூட நின்னதில்ல" என்றார் அவன் அப்பத்தா. அன்றிலிருந்து கிளம்பும்போதெல்லாம் குதிரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சித்திரையில் அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த நம் ஊரில் இதற்கு விளக்கம் வேண்டாம்.

லிஸ் ஹார்டெல் பற்றிப் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வேன். டென்மார்க்கைச் சேர்ந்தவர். 1944-இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டியில் வெள்ளி வென்றார். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு அப்போதும் ஆள் துணை தேவைப்பட்டது. கால் சரியாகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிவிட முடியாது. டவுன் சிண்ட்ரோம் இருந்தால் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்வாக இருக்கலாம். அதைப் பரிசோதிக்காமல் ஏற்றுவது ஆபத்து. கட்டுக்குள் வராத வலிப்பு, இடுப்பு மூட்டு நழுவல், அதிகமான முதுகு வளைவு, எளிதில் முறியும் எலும்பு இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ, நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ எழுதி வாங்கி வாருங்கள். நடந்துகொண்டிருக்கும் பிசியோதெரபியை இதற்காக நிறுத்தவே கூடாது.

குதிரையைப் பற்றியும் கேளுங்கள். கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் குதிரை மேளத்துக்கும் வெடிக்கும் பழகியிருக்கலாம். சக்கர நாற்காலி உரசினாலோ, மேலே இருக்கும் பிள்ளை திடீரென்று கத்தினாலோ அசையாமல் நிற்க அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். சேணத்தோடு சேர்த்துத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு குதிரை சுமக்கக் கூடாது. நம் பக்கத்து வெயிலில் வகுப்பை அதிகாலையில் முடித்துவிடுவது பிள்ளைக்கும் நல்லது, குதிரைக்கும் நல்லது. காதைப் பின்னால் மடக்கினால் அதற்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இதைப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லித்தருகிறேன்.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை முழுதாக நின்று பாருங்கள். ஹெல்மெட் இருக்கிறதா, பிள்ளையைச் சேணத்தோடு கட்டாமல் இருக்கிறார்களா, தேவைப்படும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஆள் நடக்கிறார்களா என்று கவனியுங்கள். அப்புறம், பிள்ளையிடம் யாராவது எதையாவது கேட்கிறார்களா, பதிலுக்குப் பொறுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஏற்றி நான்கு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டால் அது வெறும் சவாரி. அதற்குத் தெரபி என்று சொல்லிக் கேட்கும் கட்டணத்தைக் கொடுக்க வேண்டாம்.