தண்ணீர் மாதிரி இருக்கும் ஒயினும் பல் கூச்சமும்

ஒயினை ருசி பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர்களுக்குப் பல் அரிப்பு, அதாவது அமிலத்தால் பல் கரைவது, ஒரு தொழில் நோய். பல் மருத்துவர்களுக்கு இது பழைய செய்தி. வெளிநாட்டு ஓட்டல்களில் வேலை செய்துவிட்டு விடுப்பில் ஊருக்கு வரும் இளைஞர்கள் பல் கூச்சம் என்று என்னிடம் வரும்போதுதான் அவர்களுக்கு இது தெரியவருகிறது. குடிப்பழக்கம் பற்றிக் கேட்டால், "ஹாட் எல்லாம் தொடமாட்டேன் டாக்டர், வெள்ளை ஒயின்தான். தண்ணி மாதிரி இருக்கும்" என்பார்கள்.

அந்த வகை ஒயினுக்கு நல்ல உதாரணம் கெர்னர். 1929-இல் ஜெர்மனியில் ட்ரோலிங்கர் என்ற சிவப்புத் திராட்சையையும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையையும் கலந்து உருவாக்கிய திராட்சை ரகம் இது. குடிப்பாட்டும் எழுதிய யுஸ்டினுஸ் கெர்னர் என்ற கவிஞரின் பெயரை இதற்கு வைத்தார்கள். அவர் ஒரு மருத்துவர் என்பதுதான் வேடிக்கை! இன்று இதற்குப் பேர்போன இடம் வட இத்தாலியில் ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ஆல்டோ அடிஜே. அங்கே ஐசாக் பள்ளத்தாக்கில், 1142-இல் தொடங்கிய நோவாசெல்லா மடம் இன்றும் ஒயின் தயாரிக்கிறது.

ஆல்ப்ஸ் சரிவில் பகலில் நல்ல வெயில், இரவில் கடும் குளிர். அந்தக் குளிரால் திராட்சையில் உள்ள மாலிக் அமிலம் அதிகம் குறையாமல் தங்கிவிடுகிறது. பாக்டீரியாவை விட்டு அதை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றலாம். ஆனால் 'சுள்'ளென்ற சுவை போய்விடும் என்பதால் இவ்வகை ஒயின்களில் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. பீச் பழ வாசனைக்குப் பின்னால் நாக்கில் சுள்ளென்று படுவது அமிலம்தான்.

அமிலத்தன்மையை பிஎச் என்ற அளவால் குறிப்பார்கள். பல்லின் மேலுறையான எனாமல் சுமார் 5.5 பிஎச் அளவிலேயே கரையத் தொடங்கும். இந்த ஒயின்களோ 3-ஐ ஒட்டி இருக்கும். பிஎச் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதால், வித்தியாசம் நூறு மடங்குக்கும் மேல். கொஞ்சம் இனிப்பு இருந்தால் புளிப்பு நாக்குக்குத் தெரியாது, ஆனால் பல் அதிலிருந்து தப்பாது.

அமிலம் அரித்த வாயில் முன்பல்லின் நுனி கண்ணாடி போல் ஆகியிருக்கும். கடைவாய்ப் பல்லின் மேடுகளில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருக்கும். பழைய ஃபில்லிங் மட்டும் மேடாக நிற்கும், சுற்றியுள்ள பல் கரைந்து இறங்கியிருக்கும். இதைப் பார்த்தால் சொத்தை என்று நினைக்கமாட்டேன், அமிலம் எங்கிருந்து வருகிறது என்றுதான் தேடுவேன். நெஞ்செரிச்சல், எலுமிச்சைச் சாறு, கூல்டிரிங்ஸ் எல்லாவற்றையும் கேட்பேன்.

அளவைவிடக் குடிக்கும் விதம் முக்கியம். ஒரு கிளாஸை இரண்டு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருந்தால், உமிழ்நீருக்கு அமிலத்தைச் சரிக்கட்ட நேரமே கிடைக்காது. வாய்க்குள் சுழற்றிக் கொப்பளிப்பது அதைவிட மோசம். நடுவில் தண்ணீர் குடியுங்கள். ஒரு துண்டு சீஸ் சாப்பிட்டால் கால்சியமும் பாஸ்பேட்டும் கிடைக்கும். குடித்த கையோடு பல் துலக்காதீர்கள், எனாமல் இளகியிருக்கும். ஒரு மணி நேரம் போகட்டும். அப்புறம், கரைந்த எனாமல் திரும்ப வளராது. ஃப்ளோரைடு பேஸ்ட் மிச்சமிருப்பதைக் காக்கும், அவ்வளவுதான்.

பல்லை விடுங்கள், வாய்ப்புற்று விஷயத்தில் எந்த ஒயினுக்கும் சலுகை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. கூடவே புகையிலையும் இருந்தால் ஆபத்து பெருகும். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ இருந்தால், வலிக்கவில்லை என்று விட்டுவிடாமல் உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.