மாலை போட ஒரு படம்

இரவு பதினொன்றரைக்கு மேல் என் போன் அடித்தால் அது பிறந்தநாள் படத்துக்கான அழைப்பாக இருக்காது. "அக்கா, பாட்டி தவறிட்டாங்க. நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்கிறாங்க. படம் ஒண்ணு பெருசாக்கணும், காலையில கிடைக்குமா?" பேசுவது பெரும்பாலும் பேரனோ பேத்தியோதான். வீட்டில் பெரியவர்கள் அழுதுகொண்டிருக்கும்போது இந்த வேலை எப்படியோ சின்னப் பிள்ளைகள் கைக்கு வந்துவிடும்.

பினாங்கில் 14 வருடமாகக் குடும்பப் படங்கள் எடுத்து வருகிறேன். ஸ்டூடியோ கிடையாது. ஒரு கேமரா, இரண்டு லென்ஸ், ஒரு விளக்கு, ஒரு மடக்கு ஸ்டூல், எல்லாம் காடியின் பின்னால் கிடக்கும். பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்தால் கூப்பிடுவார்கள், பட்டமளிப்பு என்றால் கூப்பிடுவார்கள், தீபாவளிக்கு மொத்தக் குடும்பமும் ஒரே நிறத்தில் துணி எடுத்துவிட்டுக் கூப்பிடுவார்கள். கதவைத் திறப்பவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "போட்டோகிராபர் வரலியாம்மா?" என்று கேட்பது இப்போது குறைந்திருக்கிறது. ஆனால் வீட்டுப் பெரியவரை மட்டும் தனியாக ஒரு படம் எடுக்கவேண்டும் என்று இத்தனை வருடத்தில் என்னை அழைத்தவர்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

சரி, அந்த நள்ளிரவுப் படத்துக்கு வருகிறேன். அது எப்படி இருக்கும் என்று திறக்காமலே சொல்வேன். கல்யாண மண்டபம், சாப்பாட்டு வரிசை, கையில் தட்டு. பாட்டி குழம்புப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாரோ ஒருவரின் முழங்கை தாடையைத் தொட்டுக்கொண்டிருக்கும். வீட்டில் ஆறு பேரிடம் ஆறு போன், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் படம். பாட்டி நேராகப் பார்க்கும் படம் ஒன்றுகூட இருக்காது. இதை விட்டால் ஐசி இருக்கிறது என்பார்கள். அடையாள அட்டையில் இருக்கும் முகம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளப் பக்கத்தில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதில் பத்துப் பேர் நின்றால் ஒரு முகத்துக்கு 90 பிக்சல் கிடைத்தாலே பெரிய விஷயம். மாலை போடும் படம் 12க்கு 16 அங்குலம் என்றால், அதில் முகம் மட்டும் நான்கு அங்குல அகலம் வரும். நன்றாக அச்சாக அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், அதாவது முகத்துக்கே 1200. பாதித் தரம் போதும் என்றாலும் 600. கையில் இருப்பதோ 90. மீதியை நான் எங்கே போய்க் கொண்டுவருவது?

"ஏஐ-ல போட்டா தெளிவாயிடுமாமே அக்கா?" ஆகும். ஆனால் அது தெளிவாக்குவதில்லை, இல்லாததைக் கற்பனை செய்து வரைகிறது. ஒருமுறை அவசரத்தில் அப்படிச் செய்து கொடுத்தேன். முகம் பளிச்சென்று வந்தது. காலையில் மகள் படத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இது எங்கம்மா மாதிரி இருக்கு" என்றார். அந்த 'மாதிரி' என்ற சொல் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அப்புறம்தான் கவனித்தேன். அந்தம்மாவின் தாடையில் சின்ன வயதில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள் இருந்தன. மென்பொருள் அவற்றை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தது. மூக்குத்தியும் ஒற்றைக்கல் ஆகியிருந்தது. மங்கலாக இருந்தாலும் பழைய படத்தையே சிறிதாக அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

பெரியவர்கள் படத்தில் இல்லாமல் போவதற்கு யாரும் கெட்ட எண்ணக்காரர்கள் இல்லை. தீபாவளிக் காலையில் எல்லாரும் புதுத்துணியோடு வாசலில் வரிசை கட்டும்போது பாட்டி அடுப்படியில் இருப்பார். "நீங்க எடுங்க, நான் இதோ வர்றேன்" என்பார். வரும்போது நெற்றியெல்லாம் வியர்வை, சேலையில் மாவு. பிள்ளைகள் அதற்குள் கலைந்திருப்பார்கள். சிலருக்குப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம் உண்டு. மூன்று பேராக நிற்கக்கூடாது, நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பார்கள். நான் வாதாடுவதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையையாவது தூக்கிவந்து நான்கு பேராக்கிவிடுவேன்.

உண்மையான காரணம் வேறு. தனியாக ஒரு படம் எடுக்கலாம் வாங்க என்று அம்மாவிடம் கேட்டால், அது எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியும். கேட்கும் மகனுக்கும் தெரியும். அதனால் யாரும் கேட்பதில்லை. இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போகும்போது பாட்டிக்கும் தாத்தாவுக்கும் பத்து நிமிடம் ஒதுக்குவது. இப்போது முன்பதிவின்போதே சொல்லிவிடுகிறேன். அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை.

இதிலும் சொதப்பியிருக்கிறேன். தண்ணீர்மலைப் பக்கம் இருக்கிற தாவரவியல் பூங்கா 1884இல் தொடங்கியது. அங்கே மரமும் உண்டு, நிழலும் உண்டு, குரங்கும் உண்டு. ஒரு வயதுப் பிள்ளைக்குப் படம். கேக்கு, பலூன், உறவினர் பதினெட்டுப் பேர். சக்கர நாற்காலியில் வந்த தாத்தாவை "வெயில்ல வேணாம்" என்று மரத்தடியில் விட்டுவிட்டார்கள். காலை ஒன்பதுக்கே வரச் சொல்லியிருந்தேன், அவர்கள் பசியாறிவிட்டு வந்து சேரும்போது பன்னிரண்டரை. 1982 ஜனவரி முதல் தேதி மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒன்றேகாலுக்கு. பன்னிரண்டரைக்கு எடுத்தால் எல்லார் கண்ணும் குழிக்குள் கறுத்துப் போயிருக்கும். காலை ஒன்பதரைக்குள், இல்லை மாலை ஐந்தரைக்கு மேல் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

நான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு வந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடியது. பிள்ளைகள் அலறினார்கள். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த தாத்தா நிமிர்ந்து, கைத்தடியை ஓங்கி, தோட்டத்துக் காலத்துக் கெட்ட வார்த்தை ஒன்றை முழு மூச்சில் எடுத்து விட்டார். அந்த முகம்! என் கையில் லென்ஸ் இல்லாத கேமரா இருந்தது. மாற்றி முடிப்பதற்குள் அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எடுத்த படத்தில் தூங்கும் தாத்தாதான் இருக்கிறார்.

இனி சொல்லப்போவது என் தப்பு. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு குடும்பம், தாத்தாவின் 80ஆவது பிறந்தநாள். நல்ல படங்கள். எல்லாம் ஒரே வெளி ஹார்ட் டிஸ்கில் இருந்தன. இன்னொரு பிரதி எடுக்கவேண்டும் என்று தெரியும், நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வாரம் போனது. ஒருநாள் மேசையிலிருந்து டிஸ்க் விழுந்தது. செருகினால் டிக், டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தும் ஒன்றும் மீளவில்லை. நேரில் போய்ச் சொன்னேன். மருமகள் தேநீர் கொடுத்தார். தாத்தா சிரித்துக்கொண்டே, "போனா போகுது பாப்பா, மறுபடி எடுத்துட்டாப் போச்சு" என்றார். தேதிகூடக் குறித்தோம். அந்தத் தேதிக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் திரும்பி வரவில்லை.

தேர்ந்தெடுப்பதற்காக வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதினொரு மாதிரிப் படங்கள்தான் மிச்சம். யாரும் அப்படியே அச்சடித்துவிடக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் குறுக்கே என் பெயரைப் போட்டிருந்தேன். அதில் ஒன்றைத்தான் மாலை போட எடுத்தார்கள். பெயரை முடிந்தவரை அழித்துக் கொடுத்தேன். சட்டைப் பொத்தான் பக்கம் ஓர் எழுத்தின் வளைவு இன்னும் தெரியும். அது எங்கே என்று எனக்குத் தெரியும்.

அதிலிருந்து எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி. இரண்டு வேறு வேறு டிஸ்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே. உங்கள் வீட்டுக்கும் இது போதும்: போனில் ஒன்று, டிஸ்கில் ஒன்று, அண்ணன் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. எங்களைப் போன்றவர்கள் படத்தைக் காலமெல்லாம் வைத்திருப்போம் என்று நம்பாதீர்கள். நான் ஒரு வருடம் வைத்திருப்பேன், ஒப்பந்தத்தில் எழுதியும் கொடுப்பேன். பலர் எதையும் எழுதுவதில்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே போகும். ஆனால் கோப்பு எத்தனை நாள் இருக்கும், முழு அளவில் கைக்கு வருமா என்பதெல்லாம் முதலிலேயே பேசித் தீர்க்கவேண்டியது. வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காது. அப்புறம் ஒன்றையாவது 8ஆர் அளவில், அதாவது 8க்கு 10 அங்குலத்தில், அச்சடித்துவிடுங்கள். டிஸ்க் விழுந்தாலும் காகிதம் இருக்கும்.

என்னைக் கூப்பிடத்தான் வேண்டும் என்றில்லை. 8ஆருக்குத் தேவை 2400க்கு 3000 பிக்சல், இப்போதைய போன்களே தாராளமாகக் கொடுக்கும். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகிவிடும். நான்கு ஐந்து அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். அழகாக்கும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். வெள்ளையாக்கிக் கொடுக்கச் சொல்பவர்களிடம் நான் முடியாது என்றே சொல்கிறேன். எழுபது வருடம் வெயிலில் உழைத்த நிறத்தை எடுத்துவிட்டால் அந்த முகத்தில் என்ன மிஞ்சும்?

போன மாதம் பிறையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டிக்கு 84 வயது. பேரனின் பட்டமளிப்பு அங்கிப் படத்துக்காகத்தான் அழைத்திருந்தார்கள். "பாட்டிக்குப் பத்து நிமிஷம்" என்றதும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கை, விரல் ஒன்று நிமிராது. சரி, படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை எடுத்து முன்னால் வைத்தேன். கீரையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. ஸ்டூலை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டு, வீட்டு விளக்குகளை அணைத்தோம். குழல்விளக்கும் பகல் வெளிச்சமும் கலந்தால் முகத்தில் பச்சை அடிக்கும். மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் பளபளத்தது. காதின் மேல் இருக்கும் கம்பியைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன், கண்ணாடி கீழே சாய்ந்ததும் கண் தெரிந்தது. அவர் உருவிய கீரையை முறத்தில் தட்டிவிட்டு, "என்னா பார்க்கிற, பசியாறுனியா?" என்று நிமிர்ந்தார். அதுதான் படம். கையும் இருக்கிறது, நிமிராத விரலும் இருக்கிறது.

திரையில் காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சட்டத்தைக் காட்டினார். கணவர். கறுப்பு வெள்ளை. ஓரமெல்லாம் ஈரம் ஏறிப் பழுப்பாகி, படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பேரன் பின்பக்க ஆணியைக் கழற்றப் போனான், தடுத்துவிட்டேன். நம் ஊர் ஈரத்தில் ஒட்டிய படத்தை உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு வைத்தே எடுக்கவேண்டியதுதான். சட்டத்தைத் தரையில் படுக்கவைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும்படி நகர்த்தி, ஃபிளாஷ் போடாமல், கேமராவை நேர் மேலே பிடித்தேன். கண்ணாடியில் என் தலை தெரிந்தது. பேரன் பட்டமளிப்பு அங்கியைக் கழற்றி, அந்தக் கறுப்புத் துணியை லென்ஸ் மட்டும் வெளியே தெரியும்படி என் முன்னால் விரித்துப் பிடித்தான். தலை மறைந்தது, தாத்தா மீசையோடு தெளிந்து வந்தார்.

பாட்டி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"கைய ஆட்டாம புடிடா," என்றார், "தாத்தா அசையறாரு."