மங்குக்கு மெடிக்கலில் டியூப் கேட்கிறவர்களுக்கு

இந்த வாரமும் ஒருவர் வந்தார். மன்னார்குடிப் பக்கம், நடவு வேலைக்குப் போகிற பெண். இரண்டு கன்னத்திலும் மங்கு, அதாவது கருந்திட்டு. அதற்கு வைத்தியம் இருக்கிறது. ஆனால் மங்கைச் சுற்றித் தோல் மெலிந்து செக்கச்செவேலென்று இருந்தது, நூல் நூலாக ரத்தக்குழாய் தெரிந்தது. தாடை முழுக்கப் பரு, மேலுதட்டில் புதிதாக முடி. கைப்பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தார். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, துளி விடாமல் பிதுக்கியிருந்தார்.

"மெடிக்கல்ல கேட்டு வாங்கினேன் டாக்டர். முதல் வாரமே பளிச்சுன்னு ஆச்சு."

கும்பகோணம், திருவாரூர், பாபநாசம், எங்கிருந்து வந்தாலும் இதே பேச்சுதான். அந்தப் பளிச்சு குணமானதற்கு அடையாளம் இல்லை. டியூபில் இருக்கும் ஸ்டீராய்டு தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, அதனால் முகம் வெளுத்துத் தெரிகிறது. நிறமி உண்டாவதும் கொஞ்ச நாள் குறையும். பூசுவதை விட்டதும் குழாய்கள் விரியும், முகம் எரியும், சிவக்கும், மங்கு திரும்ப வரும். "கிரீமை விட்டதால்தான் இப்படி" என்று மறுபடி பூசுவார்கள். உண்மையில் இத்தனை நாள் பூசியதால்தான் இப்படி. இதை ஒவ்வொருவருக்கும் எத்தனை முறை சொன்னாலும், பக்கத்து வீட்டு அக்காவுக்கு வெளுத்ததுதான் மனதில் நிற்கிறது.

அட்டையைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு, அழகு கிரீம் இல்லை. இவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

சரி, தோல் மருத்துவர்களான நாங்கள் ஸ்டீராய்டு எழுதுவதில்லையா? எழுதுகிறோம். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், லேசான ஸ்டீராய்டு மூன்றும் கலந்த கிரீம், இரவில், மங்கின் மேல் மட்டும், பெரும்பாலும் 8 வாரம். அதன்பின் நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றுவோம். கர்ப்பமாக இருப்பவர்களுக்குக் கொடுப்பதே இல்லை. ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் பூசினால் தோலில் நீலங்கலந்த கருப்பு படியும், அதைப் போக்குவது மங்கைவிடப் பெரும்பாடு.

வெயிலைத் தடுக்காமல் எந்த மருந்தும் நிற்காது. வயலுக்குப் போகும் அம்மாக்களே, தலைத்துண்டை நெற்றி, கன்னம் மறையக் கட்டுங்கள். தண்ணீர் கட்டிய வயலில் வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு, அட்டையிலேயே இருக்கும்) 30-க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம், கழுத்துக்குப் பூசுங்கள். வேலை நடுவில் ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். தோல் நிறம் கலந்ததாகக் கிடைத்தால் மங்குக்கு இன்னும் நல்லது. எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டு வெயிலில் இறங்கவே இறங்காதீர்கள், கொப்பளித்துக் கருத்துப்போகும்.

இன்னொன்று. கழுத்துப் பின்புறம் தடித்துக் கருத்திருந்தால் அதை அழுக்கென்று பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்க வேண்டாம். முதலில் சர்க்கரை பாருங்கள். பிள்ளைகளுக்கு இருந்தாலும்தான்.

ஏற்கெனவே டியூப் பூசிக்கொண்டிருப்பவர்கள், பயந்துபோய் இன்றே விட்டுவிடாதீர்கள். கொஞ்சங்கொஞ்சமாகத்தான் நிறுத்த வேண்டும், அதற்குத் தோல் மருத்துவர் வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியிலும் திருவாரூரிலும் இலவசமாகவே பார்க்கலாம். வரும்போது அந்த டியூபைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்து வாருங்கள். திட்டுவேன் என்று மறைக்க வேண்டாம். எதைப் பூசினீர்கள் என்று தெரியாமல் எங்களால் மருந்து எழுத முடியாது.