முள்ளுக்காட்டு ஆமைக்கு அடுக்குமாடியில் என்ன வேலை?

கோலாலம்பூரில் விலங்கு மருத்துவம் பார்க்கும் எங்களிடம் வரும் நட்சத்திர ஆமைகளில் பல, மூக்கில் சளிக்குமிழி கட்டி, வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும் நிலையில்தான் வருகின்றன. சில குட்டிகளின் அடி ஓட்டை விரலால் அழுத்தினால் அது உள்ளே அமுங்கும். என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று கேட்டால், சோறு, ரொட்டி, பூனைத் தீனி என்று பதில் வருகிறது.

இந்த ஆமை தென்னிந்தியா, இலங்கை, இந்தியாவின் வடமேற்கு, அதையொட்டிய பாகிஸ்தான் ஆகிய பகுதிகளின் வறண்ட புதர்க்காடுகளுக்கு உரியது. நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த தென்தமிழகத்தில், குடைவேலமும் வெள்வேலமும் இடைவெளி விட்டு நிற்க, நடுவே புல் முளைக்கும் முள்ளுக்காடே அதன் வீடு. தூத்துக்குடிப் பக்கம் ஆண்டு மழை சராசரியாக 700 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடும். மழை விழுந்ததும் ஆமை வெளியே வந்து இளம்புல்லையும் உதிர்ந்த பூவையும் கனியையும் மேய்கிறது. கடுங்கோடையில் புதரடியில் ஒடுங்கிவிடுகிறது. வேலமரத்தின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், அதன் இலை உதிர்ந்து மக்கும் மண் வளமாகிறது. அந்த மண்ணில் வளரும் புல்லை நம்பித்தான் தூத்துக்குடியை அடுத்த வல்லநாட்டு வெளிமான்களும் வாழ்கின்றன.

இத்தகைய நிலத்தைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதியதே முதல் கேடு என்பது என் கருத்து. தரிசுதானே என்ற அலட்சியத்தில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலம் அடர்ந்து புல்லை மூடியதையும் நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை.

ஆண்டு முழுவதும் ஈரம் குறையாத நம் ஊரில், நேர்வெயில் படாத குளிர்ந்த தரையில் வைத்தால், அந்த ஆமைக்கு வைட்டமின் டி உருவாகாது. சுண்ணாம்புச் சத்து சேராமல் ஓடு மென்மையாகும், நுரையீரலில் தொற்றும் எளிதில் பற்றும். மருந்தால் ஓரளவே மீட்க முடியும்.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை, 2019-இல் இந்த ஆமையை முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. காட்டில் பிடித்தவற்றை நாடுவிட்டு நாடு விற்பதற்கு அதன்படி அனுமதியில்லை. ஆகவே ஆவணமின்றி இணையத்தில் விலைபேசப்படும் குட்டி, பெரும்பாலும் பயணப்பெட்டியில் கடத்தி வரப்பட்டதாகவே இருக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், பயந்துபோய் அதைக் கோயில் குளத்திலோ தித்திவங்சா ஏரியிலோ விட்டுவிட வேண்டாம்; இது தரையாமை, ஆழ்நீரில் மூழ்கிவிடும். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அலுவலகத்தைத் தொடர்புகொண்டு ஒப்படையுங்கள்; அதுவரை ஈரமில்லாத இடத்தில், காலை வெயில் படும்படி வைத்துப் புல்லும் கீரையும் மட்டும் கொடுங்கள்.