இரண்டு குயின்களுடன் ஆல்-இன் போகலாமா?

டெக்சஸ் ஹோல்டம் போக்கர் சீட்டாட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விரியும். இப்போது நடுவில் இன்னும் ஒரு சீட்டுகூட விரியவில்லை. அதற்குள் எதிராளி தன்னிடமிருக்கும் 1,000 சிப்ஸையும் (பந்தய வில்லைகள்) முன்னால் தள்ளிவிட்டார், அதாவது ஆல்-இன். உங்கள் கையில் இரண்டு குயின். ஏற்கெனவே நடுவில் 200 சிப்ஸ் கிடக்கிறது. நீங்களும் 1,000 போடலாமா, சீட்டைக் கீழே போட்டுவிடலாமா? "குயின் ஜோடி நல்ல கைதானே" என்று சொன்னால் போதாது, இதை எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

முதலில், எதிராளியிடம் ஏஸ்-கிங் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். மீதி 48 சீட்டு. அதிலிருந்து விழப்போகும் ஐந்தை 17,12,304 விதமாக எடுக்கலாம். ஆறு சீட்டுகள் (மூன்று ஏஸ், மூன்று கிங்) உங்கள் குயின் ஜோடியைவிடப் பெரிய ஜோடியைத் தந்து அவருக்கு உதவும். அவற்றில் ஒன்றாவது விழும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம். அப்படியானால் சரிபாதிதானே? இல்லை. ஏஸ் விழுந்தாலும், கூடவே ஒரு குயின் விழுந்தால் பெரும்பாலும் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். எல்லாம் கணக்கில் சேர்த்தால், இரண்டும் வேறு வேறு இனமான (ஸ்பேட், ஹார்ட் போல) ஏஸ்-கிங்குக்கு சுமார் 43 சதவீதம், ஒரே இனமென்றால் 46.

அவரிடம் கிங் ஜோடியோ ஏஸ் ஜோடியோ இருந்தால் கதை வேறு. உங்களைக் காப்பாற்ற இரண்டு குயின்தான் மிச்சம். அதில் ஒன்றாவது வர 20 சதவீத வாய்ப்பு. அவர் கையும் மேம்படலாம் என்பதால் உங்கள் பங்கு 18, 19-இல் நிற்கும்.

ஆனால் அவர் கையில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. எந்த ஜோடியும் 6 விதமாகத்தான் அமையும், ஏஸ்-கிங்கோ 16 விதமாக அமையும். அவர் மிகவும் கறாரான ஆள், குயின் ஜோடி அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் ஏஸ்-கிங் இருந்தால்தான் தள்ளுவார் என்று வையுங்கள். உங்களிடம் இரண்டு குயின் இருப்பதால் அவருக்குக் குயின் ஜோடி ஒரே விதத்தில்தான் கிடைக்கும். ஏஸ் 6, கிங் 6, குயின் 1, ஏஸ்-கிங் 16, ஆக 29 கைகள். ஒவ்வொன்றையும் அதன் எண்ணிக்கையால் பெருக்கிச் சராசரி எடுத்தால், உங்கள் வெற்றி வாய்ப்பு சுமார் 40 சதவீதம்.

அப்புறம் விலை. 2,200 சிப்ஸை ஜெயிக்க 1,000 போடுகிறீர்கள், எனவே குறைந்தது 45.5 சதவீத வாய்ப்பு வேண்டும். 1654-இல் கணித மேதைகள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்களில் அலசியதும் இதே மாதிரிக் கேள்விதான்: ஆட்டம் பாதியில் நின்றால் பந்தயப் பணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு? உங்கள் பங்கு 2,200-இல் 40 சதவீதம், அதாவது 880. சராசரியாக 120 நஷ்டம். கீழே போட்டுவிடுங்கள்.

எதிராளி கொஞ்சம் தாராளமானவர், ஜாக் ஜோடி, பத்து ஜோடிக்கும் தள்ளுவார் என்றால்? 12 கைகள் கூடுகின்றன. அவற்றுக்கு எதிராக உங்களுக்கு 81 சதவீதம். 41 கைகளின் சராசரி 52-க்கு ஏறிவிடுகிறது. உங்கள் பங்கு 1,144. தயங்காமல் போடலாம்.